தரை மூடும் பூக்கொடி



பள்ளிக்கூடம் எதுவாயினும் அதற்கு முன்புறம் ஒன்றும் பின்புறம் ஒன்றும் உண்டு. முன்புறத்தில் கொடிக்கம்பம் இருக்கும். அதைச் சுற்றி வெள்ளையடித்த செங்கற்களும் நாலைந்து செம்பருத்திச் செடிகளும் இருக்கும். விருந்தினர் வரும் வழி அது. பின்புறத்திலோ உடைந்த ஓடுகளும், கட்டட வேலையில் மிஞ்சிய சல்லியும், கால் ஒடிந்த பெஞ்சுகளும் குவிந்து கிடக்கும். அங்கே புல்லும் முளைப்பதில்லை. ஆசிரியர்களும் அந்தப் பக்கம் செல்வதில்லை. முப்பத்தைந்து ஆண்டுக் காலம் ஆசிரியப் பணியில் இருந்த நான், அந்தப் பின்புறத்து நிலம் ஒன்றைப் பற்றியும், அதில் நாங்கள் வளர்த்த ஒரு பூக்கொடியைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அக்கொடியின் பெயர் நாஸ்டர்ஷியம்.

நீலகிரியில் கோத்தகிரிப் பக்கத்து ஊர் ஒன்றின் பள்ளிக்கு நான் 2007-ஆம் ஆண்டில் தலைமையாசிரியனாகச் சென்றேன். மலைநாட்டில் சமநிலம் கிடைப்பது அரிது. ஆதலால் சரிவை வெட்டித் தளமாக்கியே கட்டடம் எழுப்புவர். எங்கள் பள்ளியும் அவ்வாறு எழுந்ததே. வெட்டிய இடத்தில் சுவர் போன்று ஒரு மண்மேடு நின்றது. உயரம் பன்னிரண்டு அடி இருக்கும். மேட்டின் அடியில் சல்லியும் சரளையும் கலந்த கரடு நிலம். அதையடுத்துச் சத்துணவுக் கூடம். கோடையில் அந்நிலத்திலிருந்து புழுதி எழுந்து உலைப்பானையில் விழும். மழைக்காலத்தில் சேறு வழிந்து வாசற்படி வரை வந்து நிற்கும். அந்நிலத்தை எதைக் கொண்டேனும் மூடிவிட வேண்டும் என்பதே நான் அங்குச் சென்ற முதல் ஆண்டின் கவலையாக இருந்தது.

வெறுந்தரையை ஏன் மூட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். பெரிய மழைத்துளி ஒன்று தரையைத் தொடும் வேளையில் நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர், அதாவது முப்பதடி வேகத்தில் வருகிறது. ஒரு துளியின் எடை மிகச் சிறிதுதான். ஆனால் ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல மழை பெய்தால் அந்நீரின் எடை நூறு டன்னுக்கு மேல் ஆகும். அத்தனை நீரும் துளித்துளியாக வந்து மண்ணை அடிக்கிறது. அந்த அடியால் மண்கட்டிகள் உடைகின்றன. நுண்ணிய துகள்கள் தெறித்து எழுகின்றன. வெள்ளையடித்த சுவரின் அடிப்பாகத்தில் மழைக்குப்பின் ஓரடி, இரண்டடி உயரத்துக்குச் சேற்றுப் புள்ளிகள் படிந்திருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அப்புள்ளிகள் இவ்வாறு தெறித்த மண்ணே. உடைந்த துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துக் கொள்வதால் நீர் உள்ளே இறங்காமல் மேலோட்டமாக ஓடுகிறது. ஓடும்போது தளர்ந்த மண்ணையும் உடன் அழைத்துச் செல்கிறது. பயிர் விளையத் தக்க மேல்மண் ஓர் அங்குலம் உண்டாகப் பல நூறு ஆண்டுகள் வேண்டும். அது கரைந்து போவதற்குச் சில மழைக்காலங்கள் போதும்.

தரையின்மேல் இலைகள் பரவியிருப்பின் துளியின் வேகம் இலையோடு முடிந்துவிடும். இலையிலிருந்து அரையடி கீழே சொட்டும் நீருக்கு மண்ணை உடைக்கும் வலிமை இல்லை. வெயிற்காலத்தில் அதே இலைகள் நிழல் தந்து மண்ணின் ஈரத்தைக் காக்கும். களைகள் முளைப்பதற்கும் இடங்கொடா. இவ்வாறு நிலத்தைப் போர்த்து வளரும் செடிகளுக்குத் தரைமூடிச் செடிகள் என்று பெயர்.

எத்தனையோ செடிகளை நட்டுப் பார்த்தோம். சரளை மண்ணில் ஒன்றும் பிழைக்கவில்லை. ஒருநாள் ஊருக்குள் நடந்து செல்கையில், ஒரு வீட்டுத் தோட்டத்து வேலியைத் தாண்டி, வழியோரத்துக் கற்குவியலின்மேல் ஒரு கொடி படர்ந்திருக்கக் கண்டேன். எருவிடுவாரும் நீர்வார்ப்பாரும் இன்றிக் கல்லின்மேல் கிடந்த அது, செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான பூக்களைத் தாங்கியிருந்தது. அதுதான் நாஸ்டர்ஷியம். அந்த வீட்டு அம்மையார் ஒரு கைப்பிடி விதை கொடுத்தார்; எங்கள் முயற்சி அந்தக் கைப்பிடி விதையிலிருந்தே தொடங்கியது.

இச்செடியின் வரலாற்றைச் சற்றுக் கேளுங்கள். இதன் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடர். பெரு முதலிய நாடுகளின் மலைப்பகுதியில் தோன்றிய இவ்வினச் செடிகளை ஸ்பானியர்கள் பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றார்கள். இன்று நாம் தோட்டங்களில் காணும் பெரிய வகை பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஹாலந்து நாட்டை அடைந்தது. ஐரோப்பியர் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குடியேறி வீட்டுத் தோட்டங்கள் அமைத்தபோது அவர்களுடைய பூச்செடிகளும் மலையேறின. தோட்டத்தில் நட்ட நாஸ்டர்ஷியம் வேலியைக் கடந்து, ஓடையோரங்களிலும் பாதையோரங்களிலும் தானே முளைத்து வாழத் தலைப்பட்டது. தாயகமும் மலை, புகுந்த இடமும் மலை. குளிர்ந்த காற்று இரண்டிடத்தும் ஒன்றே. எனவே வேற்று நாடு என்ற வேற்றுமை அதற்குத் தோன்றவில்லை போலும்!

பெயரிலும் ஒரு சுவை உண்டு. நாஸ்டர்ஷியம் என்பது இலத்தீன் மொழியில் நீரோரம் வளரும் வேறொரு காரக் கீரையின் பெயர். 'மூக்கைத் திருகுவது' என்பது அதன் பொருள் என்பர். கடுகை அரைக்கும்போது மூக்கில் ஏறும் நெடி இக்கொடியின் இலையிலும் உண்டு. அது பற்றியே அப்பெயர் இதற்கும் வந்து ஒட்டிக்கொண்டது. கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோசு ஆகியவற்றின் காரத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மங்களின் இனத்தைச் சேர்ந்த பொருளே இதிலும் இருக்கிறது.

தாவரங்களுக்கு முறைப்படி பெயரிட்ட ஸ்வீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸ் 1753-இல் இதனை 'டிரோப்பியோலம்' என்ற இனத்தில் சேர்த்தார். பண்டைக் கிரேக்கரும் உரோமரும் போரில் வென்றபின் களத்தில் ஒரு மரத்தண்டை நாட்டி, தோற்ற பகைவரின் கேடயங்களையும் தலைக்கவசங்களையும் அதன்மேல் தொங்கவிடுவர். அவ்வெற்றிச் சின்னத்தின் பெயரே இந்தப் பெயர்க்கு மூலம். வட்டமான இலையில் கேடயத்தையும், சிவந்த கோடுகள் படர்ந்த பொன்னிறப் பூவில் குருதி தோய்ந்த தலைக்கவசத்தையும் அவர் கண்டார்.

எங்கள் பள்ளிக் குழந்தைகளோ கேடயத்தைக் காணவில்லை; தாமரையைக் கண்டார்கள். 'குட்டித் தாமரை' என்றே அதற்குப் பெயரிட்டு விட்டார்கள். அவர்கள் கண்டதில் உண்மை உண்டு. பெரும்பாலான செடிகளில் இலையின் ஓரத்தில் காம்பு சேர்ந்திருக்கும். தாமரையிலும் நாஸ்டர்ஷியத்திலும் இலையின் கீழ்ப்பக்கத்தில் நடுவண் சேர்ந்திருக்கும். மேலும், தாமரையிலையில் தண்ணீர் ஒட்டாது என்பது நம் நாட்டில் குழந்தையும் அறிந்த செய்தி. நாஸ்டர்ஷியத்தின் இலையிலும் அவ்வாறே தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். இலையின் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலனாகாத மெழுகுத் துகள்கள் அடர்ந்திருப்பதே இதற்குக் காரணம். 2013-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள், இவ்விலையின் மேடிட்ட நரம்பின்மீது விழும் துளி பிளவுபட்டு, சமமான பரப்பில் விழும் துளியைவிட விரைவாகத் துள்ளி விலகுகிறது என்று கண்டு எழுதினார்கள். விமானத்தின் இறக்கையில் பனி உறையாமல் தடுப்பதற்கும் இத்தகைய ஆராய்ச்சி உதவக்கூடும்.

இதன் ஏறுமுறையும் தனித்தன்மை உடையது. பாகற்கொடியைப் போன்று பற்றுக்கம்பிகள் இதற்கு இல்லை. இலைக்காம்பே அருகிலுள்ள குச்சியையோ கம்பியையோ தொட்டவுடன் மெல்ல வளைந்து சுற்றிக்கொள்ளும். சார்லஸ் டார்வின் 1865-இல் வெளியிட்ட ஏறுகொடிகள் பற்றிய ஆராய்ச்சியில் இவ்வினத்துக் கொடிகளையும் ஆராய்ந்திருக்கிறார். பற்றுவதற்கு ஒன்றும் கிடைக்காவிடின் கொடி தரையிலேயே ஆறடி, எட்டடி தூரம் படர்ந்துவிடும். தரைமூடியாக அதைப் பயன்படுத்துவோர்க்கு வேண்டியது இந்தக் குணமே.

மற்றொரு செய்தியை நீங்கள் சிறப்பாக நினைவில் கொள்ள வேண்டும். லின்னேயசுக்கு எலிசபெத் கிறிஸ்டினா என்று ஒரு மகள் இருந்தாள். 1762-ஆம் ஆண்டில், இருபது வயதும் நிரம்பாத அப்பெண், மாலை மயங்கும் நேரத்தில் தோட்டத்தில் நின்று நாஸ்டர்ஷியப் பூக்களைப் பார்த்தபோது, அவற்றிலிருந்து சிறு மின்னல் போல் ஒளி தெறிக்கக் கண்டாள். கண்டதைக் குறிப்பாக எழுதினாள். ஸ்வீடன் அறிவியல் கழகம் அதைத் தன் வெளியீட்டில் அச்சிட்டது. பூவில் மின்சாரம் உண்டோ என்றெல்லாம் அறிஞர்கள் நெடுங்காலம் விவாதித்தார்கள். 1914-இல் ஜெர்மானியப் பேராசிரியர் ஒருவர், அவ்வொளி பூவில் எழுவதன்று, மங்கிய வெளிச்சத்தில் செம்மஞ்சள் நிறத்தைப் பார்க்கும் நம் கண்ணில் எழுவதே என்று விளக்கினார். காரணம் காண ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. ஆயினும் அப்பெண் கண்டது கண்டதுதான். அன்று அவளை நோக்கி, "சிறு பெண்ணே, உனக்கு என்ன தெரியும்?" என்று அக்கழகத்தார் கேட்கவில்லை. இந்நிகழ்ச்சியை இங்கே ஏன் கூறினேன் என்பது பின்னால் விளங்கும்.

இனி, பயிரிடும் முறைக்கு வருவோம். நாஸ்டர்ஷியத்தின் விதை பட்டாணியளவு பருத்து, சுருக்கங்களோடு இருக்கும். ஒரு காயில் மூன்று விதைகள் ஒட்டியிருந்து பின்னர்ப் பிரியும். சிறு குழந்தையின் விரலுக்கும் அடங்கும் விதை ஆதலால் பள்ளித் தோட்டத்துக்கு இது மிகவும் ஏற்றது. முதல்நாள் இரவு விதையைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். மறுநாள் காலை, ஓரடிக்கு ஒன்றாக, அரை அங்குல ஆழத்தில் புதைத்து மண்ணால் மூட வேண்டும். வெளிச்சம் படாதிருந்தால் நன்கு முளைக்கும். ஒரு வாரம் முதல் பன்னிரண்டு நாட்களுக்குள் முளை தோன்றும். இரண்டு மாத அளவில் பூக்கத் தொடங்கும். நாற்றுவிட்டுப் பிடுங்கி நடுதல் இதற்கு ஒவ்வாது. வேர் அசைந்தால் செடி சுணங்கிவிடும். ஆகையால் நிலைத்து வளர வேண்டிய இடத்திலேயே விதைப்பது நலம்.

எருவிடலாமா எனில், கூடாது. வளமான மண்ணிலும், தழைச்சத்து மிகுந்த எருவிலும் வளரும் செடி இலைகளைப் பெருக்குமேயன்றிப் பூக்களைத் தராது. வளமற்ற, நீர் தேங்காத, சரளை கலந்த மண்ணில்தான் இது பூத்துக் குலுங்கும். ஆயினும், வறண்ட நிலத்தில் வளரும் என்பதைத் தண்ணீரே வேண்டா என்று கொண்டுவிடக் கூடாது. முளைவிட்டு நான்கு இலை தோன்றும் வரை மண்ணில் ஈரம் இருத்தல் வேண்டும். பின்னர் வாரம் ஒருமுறை நீர் கிடைத்தாலும் தாங்கிக் கொள்ளும். உறைபனியை மட்டும் இது தாங்காது. ஒரே இரவில் இலைகள் வெந்தது போல் கருகிவிடும். எனவே நாங்கள் பனிக்காலம் நீங்கிய மாசிக் கடைசியில் விதைத்தோம்.

2008-ஆம் ஆண்டில், நாற்பது மாணவர்கள், நான்கு வாரச் சனிக்கிழமைகளில் அக்கரடு நிலத்திலிருந்த கண்ணாடித் துண்டுகளையும் ஆணிகளையும் பொறுக்கி எடுத்தார்கள். விதைத்த மூன்றாம் மாதத்தில் சரளை மறைந்தது. மண்மேட்டின் மேல் விளிம்பில் விதைத்தவை கீழ்நோக்கியும், அடியில் விதைத்தவை மேல்நோக்கியும் படர்ந்து, மேடு முழுவதும் பச்சைப் படுதா விரித்தது போல் ஆயிற்று. அதன்மேல் மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கள். புழுதி அடங்கியது. சத்துணவுக் கூடத்து வாசலில் சேறு வருவது பெரிதும் குறைந்தது. பிரெஞ்சு ஓவியர் குளோட் மோனே, கிவர்னி என்னும் ஊரில் தம் தோட்டத்து அகன்ற நடைபாதையின் இருபுறமும் நாஸ்டர்ஷியத்தை வளர்த்தார். கோடை முடிவில் அக்கொடிகள் சரளைப்பாதையின்மேல் படர்ந்து நடுவே ஒருவர் நடக்கும் அளவே இடம்விடும். அப்பாதையின் படம் ஒன்றை நான் வகுப்பில் காட்டி, "நம் பின்புறத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?" என்று பெருமையோடு கேட்டேன்.

அந்தத் தோட்டம் ஒரு பாடநூலாகவும் விளங்கிற்று. முட்டைக்கோசைத் தின்னும் வெள்ளைப் பட்டாம்பூச்சியின் புழுக்கள் இவ்விலையைத் தின்ன வந்தன. இரண்டு செடிகளிலும் ஒரே வகைக் காரம் இருப்பதை அப்புழு அறிந்திருப்பதை மாணவர்கள் கண்டு வியந்தார்கள். அசுவினிப் பூச்சிகள் இக்கொடியை விரும்பி மொய்ப்பதால், காய்கறித் தோட்டத்தின் ஓரத்தில் இதைப் பொறியாக வைப்பாரும் உண்டு. இதன் இலையும் பூவும் உண்ணத் தக்கவை. பச்சைக் காய்களை வினிகரில் ஊறவைத்து ஊறுகாய் போலப் பயன்படுத்துவதும் மேலை நாட்டு வழக்கம். மருந்து தெளிக்காத செடியாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

இவ்வளவும் நன்மையே. ஆனால் என் பேச்சை இங்கே நிறுத்திவிட்டால் நான் உங்களுக்குப் பாதி உண்மையைச் சொன்னவன் ஆவேன். மீதிப் பாதியையும் கேளுங்கள்.

2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மேட்டிலிருந்து ஒரு கொடியைப் பிடுங்கி என் மேசைக்குக் கொண்டு வந்தாள். "சார், இதோட வேர் ஒரு சாண்கூட இல்லையே. ஒரு கையாலே இழுத்தேன், வந்துடுச்சு. இது எப்படி சார் மேட்டைப் பிடிச்சுக்கும்?" என்று கேட்டாள். செடியைப் பிடுங்கியதற்காக நான் அவளைக் கடிந்துகொண்டேன். வினாவுக்கு விடை சொல்லவில்லை. அதே மாதத்தில் எங்கள் இரவுக் காவலரும், "பூவெல்லாம் நல்லாத்தான் இருக்குது சார். ஆனா மேலே ஒரு வாய்க்கா வெட்டி விடணும். தண்ணி மேட்டுக்குள்ளே இறங்குது" என்றார். "அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். பச்சை மூடிய மேடு என் கண்ணுக்கு அவ்வளவு உறுதியாகத் தோன்றியது.

நவம்பர் மாதம் இரண்டாம் வாரத்தில் நீலகிரியில் பெய்த பெருமழையை அம்மாவட்டத்தார் எளிதில் மறக்கமாட்டார்கள். பல இடங்களில் மலை சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாதைகள் துண்டிக்கப்பட்டன. பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டிருந்தது. அந்நாட்களில் ஓர் இரவு, எங்கள் மண்மேட்டில் இருபதடி நீளத்துக்கு ஒரு பகுதி, பூவும் கொடியுமாக அப்படியே நழுவிச் சத்துணவுக் கூடத்தின் பின்சுவரை இடித்துக்கொண்டு உள்ளே புகுந்தது. விடிந்ததும் சென்று பார்த்தேன். அடுப்பு இருந்த இடத்தில் மார்பளவு மண். மண்ணின் மேல் நாஸ்டர்ஷியப் பூக்கள் வாடாமல் இருந்தன. வகுப்பு நடக்கும் நாளாக இருந்து, பகல் பதினொரு மணியாகவும் இருந்திருந்தால், சமையல் செய்யும் அம்மையார் இருவர் அங்கே இருந்திருப்பார்கள். தட்டோடு வரிசையில் நின்ற குழந்தைகளும் இருந்திருப்பார்கள். விடுமுறை நாளின் இரவு என்பதால் எவருக்கும் தீங்கில்லை. அதை நான் என் அறிவால் விளைந்த நன்மையாகச் சொல்லிக்கொள்ள இயலாது.

எங்கே பிழை? மண் அரிப்பு வேறு. மண் சரிவு வேறு. இவ்விரண்டையும் நான் ஒன்றாக எண்ணிவிட்டேன். மழைத்துளியும் ஓடும் நீரும் மண்ணின் மேற்புறத்தைச் சிறிது சிறிதாகக் கொண்டு போவது அரிப்பு. அதைத் தடுப்பதற்கு இலைப்போர்வை போதும். நாஸ்டர்ஷியம் அவ்வேலையைக் குறைவறச் செய்தது. சரிவோ உள்ளிருந்து வருவது. நாட்கணக்கில் மழை பெய்து நீர் மண்ணுக்குள் இறங்குகையில், மண்ணின் எடை கூடுகிறது. துகள்களுக்கு இடையே நிறைந்த நீர் அழுத்தம் கொடுத்து, அவை ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடியைத் தளர்த்துகிறது. பிடி தளர்ந்ததும் மேல்பகுதி முழுவதும் ஒரே பாளமாக நழுவுகிறது. சரளைக்கும் பாறைக்கும் அருகே ஆறடி ஆழத்தில் நழுவும் பாளத்தை, ஒரு சாண் வேர் எவ்வாறு பிடிக்கும்? வேரும் பாளத்தோடு சேர்ந்தே வந்துவிடும். போர்வை குளிரைத் தடுக்கும். ஒடிந்த எலும்பைத் தாங்காது. அம்மாணவி கேட்ட வினா இதுவே. கூர்ந்து நோக்குங்கள் என்று ஆண்டுதோறும் பாடம் சொன்ன நான், ஒரு குழந்தை கூர்ந்து நோக்கி வந்து சொன்னபோது கேளாதிருந்தேன்.

பள்ளி திறந்த அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அம்மாணவியின் வினாவை எல்லோர்க்கும் எடுத்துச் சொல்லி, விடை சொல்லத் தவறியது என் குற்றம் என்றேன். அவள் தலை குனிந்து நின்றாள். நானும் அவ்வாறே நின்றேன்.

பின்னர் மேட்டைச் சீர் செய்தோம். முதலில், காவலர் சொன்னபடி, மேட்டின் தலைப்பில் வாய்க்கால் வெட்டி மழைநீரைப் பக்கத்து ஓடைக்குத் திருப்பினோம். பொதுப்பணித் துறையினர் வந்து, அடியில் கல்லால் தாங்குசுவர் கட்டினார்கள். உள்நீர் வெளியேறச் சுவரில் இடையிடையே குழாய் வைத்தார்கள். மேட்டைச் செங்குத்தாக விடாமல் இரண்டு படிகளாகச் சரித்தார்கள். படிகளின் ஓரத்தில் வெட்டிவேரை வரிசையாக நட்டோம். அப்புல்லின் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேர்கீழாக இறங்கும். தக்க மண்ணில் பத்தடி ஆழமும் செல்லும். குளிர்நாடாகையால் அது மெல்லவே வளர்ந்தது. வரிசைகளுக்கு இடையே வெறுமண் தெரிந்த இடங்களில் மறுபடியும் நாஸ்டர்ஷியத்தை விதைத்தோம். இம்முறை அதனிடம் அதனால் இயன்ற வேலையை மட்டும் ஒப்படைத்தோம். நான் 2018-இல் ஓய்வு பெறும் நாள் வரை அந்த மேடு அசையவில்லை.

மலைநாட்டு மாணவர்கள் சில அறிகுறிகளை மனத்தில் வைத்திருத்தல் வேண்டும். மேட்டின் தலைப்பில் புதிதாக வெடிப்புத் தோன்றுதல், மரமோ கம்பமோ சாய்தல், முன்பு இல்லாத இடத்தில் ஊற்றுக் கசிதல், தெளிந்து வந்த ஊற்றுநீர் திடீரெனக் கலங்கி வருதல், கதவுகள் காரணமின்றி இறுகுதல் ஆகியவை தோன்றினால், அவ்விடத்தை விட்டு நீங்கிப் பெரியவர்களிடம் உடனே கூறுங்கள். மேட்டின்மேல் பூ எவ்வளவு பூத்திருந்தாலும் அதைப் பார்த்து மயங்க வேண்டா.

சமவெளியில் வாழும் மாணவர்கள், "எங்கள் ஊரில் இதை வளர்க்கலாமா?" என்று கேட்கக் கூடும். மார்கழி, தை மாதக் குளிரில் தொட்டியில் வளர்த்து மகிழலாம். சித்திரை வெயிலுக்கு அது நில்லாது. அதற்காக வருந்த வேண்டுவதில்லை. நம் மண்ணுக்கு உரிய தரைமூடிகள் பல உண்டு. வயல் வரப்பிலும் குளக்கரையிலும் கணுதோறும் வேரூன்றிப் படரும் பொடுதலை ஒன்று. வறண்ட செம்மண்ணிலும் சரளையிலும் வளர்ந்து, காற்றிலுள்ள தழைச்சத்தை வேர்முடிச்சுகளில் சேர்த்து மண்ணை வளமாக்கும் கொழுஞ்சி மற்றொன்று. கடற்கரை மணலைக் காற்று வாரிச் செல்லாமல் பிடித்து வைக்கும் அடப்பங்கொடி மூன்றாவது. உங்கள் ஊரின் கரடு நிலத்தில் எது தானே முளைத்துப் பிழைத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். அங்கு எது ஏற்றது என்பதை அந்நிலமே சொல்லும்.

மலையில் இருப்போர்க்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. நாஸ்டர்ஷியம் வேலி தாண்டும் செடி. தோட்டத்துக்குள்ளும் வீட்டோரத்திலும் அது அழகு. ஆனால் சோலைக் காடுகளின் ஓரத்திலும், இயற்கையான புல்வெளிகளிலும், ஓடைக்கரைகளிலும் அதன் விதையை எறியாதீர்கள். அழகுக்காகவும் பயனுக்காகவும் கொண்டுவந்த உண்ணிச்செடியும் சீகை மரமும் நீலகிரியின் சொந்தப் புல்லையும் செடிகளையும் எவ்வளவு நெருக்கிவிட்டன என்பதை அங்குச் சென்றோர் அறிவர். ஒரு செடி எங்கே இருக்க வேண்டும் என்பது போன்றே, எங்கே இருத்தல் கூடாது என்பதும் தோட்டக்கலையின் பாடமாகும்.

சில மாதங்களுக்கு முன்பு அந்தப் பள்ளிக்கு ஒருமுறை சென்று வந்தேன். வெட்டிவேர் இடுப்பளவு நின்றது. அதன் இடையே குட்டித் தாமரைகள் படர்ந்திருந்தன. ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் இலையில் ஒரு துளி நீரை விட்டு, அது உருளும் வழியை விரலால் தொடர்ந்துகொண்டிருந்தான். "ஏன் ஒட்டலை சார்?" என்று என்னைக் கேட்டான். நான் யார் என்பது அவனுக்குத் தெரியாது. கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, அவன் பக்கத்தில் அமர்ந்து, எனக்குத் தெரிந்த வரையில் விடை சொன்னேன்.